ஃப்ரோமிஸ்டா டு கார்ரியோன்: ரோட்டோரப் பாதையா, ஆத்தங்கரையா?

ஸ்பெயின்ல சாந்தியாகோவுக்குப் போற பழைய யாத்திரைப் பாதையான கமினோ ஃப்ரான்செஸ்ல சைக்கிள்ல போறவங்க நிறைய பேரு ஒரு நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர்னு ஓட்டிட்டுப் போயிடுறாங்க. போகட்டும், ஆனா பலென்சியா மாகாணத்துல ஃப்ரோமிஸ்டாவுல இருந்து கார்ரியோன் தே லோஸ் கோந்தேஸ் வரைக்கும் இருக்குற அந்த சுமார் 19 கிலோமீட்டருக்கு மட்டும் தயவுசெஞ்சு ஒரு முழு நாள ஒதுக்குங்க. பெரிய மேடு கிடையாது, ரெண்டு பக்கமும் கோதும வயலு, லக்கேஜோட போனாலும் மூச்சு வாங்காது. ஒரே ஒரு விஷயத்த மட்டும் முன்னாடியே முடிவு பண்ணிக்கணும், எந்த வழியா போறதுன்னு.

ஃப்ரோமிஸ்டாவ விட்டு மூணு நாலு கிலோமீட்டர்ல பொப்லாசியோன் தே காம்போஸ்னு ஒரு ஊரு, அங்க உசியேசா ஆத்துப் பாலத்துக்கிட்ட வழி பிரியுது. நேரா போனா பி-980 ரோட்ட ஒட்டியே ரெவெங்கா, வில்யார்மென்டேரோ வழியா வில்யால்காசார் தே சிர்கா. வலது பக்கம் போனா வில்யோவியேகோ வந்து, அங்கிருந்து ஆத்தங்கரையோட போயி அதே வில்யால்காசார். தூரத்துல ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தா பெருசு.

ரோட்டோரப் பாதைன்னா நடக்குறவங்களுக்காகவே போட்ட மண்ணும் சல்லியும் கலந்த பாதை, ஸ்பானிஷ்ல "செந்தா"ன்னு சொல்றாங்க, யாத்திரையோட அடையாளமான சிப்பிச் சின்னம் போட்ட கல்லுங்கள நட்டு வச்சிருக்காங்க. வழி தவறவே தவறாது, அது ஒரு பெரிய நிம்மதி. ஆனா நேர்கோடா போயிட்டே இருக்கும், நிழல்னு பேருக்குக்கூட இல்ல, மதியத்துக்கு மேல காத்து எதிர்ல அடிச்சா ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இதவிட முக்கியமா எனக்குப் பட்டது என்னன்னா அது நடக்குறவங்களோட பாதை. கால்ல கொப்புளத்தோட இருபது முப்பது நாளா நடந்துட்டு வர்றவங்களுக்குப் பின்னாடி போயி மணி அடிச்சு ஒதுங்கச் சொல்ல எனக்கு மனசு வரல. ஒரு வயசான அம்மா நான் மணி அடிச்சதும் திடுக்குன்னு திரும்பி ரெண்டு குச்சியையும் ஊன்றி நின்னாங்க, நான் எறங்கி மன்னிப்புக் கேட்டேன், அவங்க சிரிச்சுக்கிட்டே "புயென் கமினோ"ன்னாங்க, நல்லபடியா போயிட்டு வான்னு அர்த்தம். அதுக்கப்புறம் அந்தப் பாதையில நான் ஏறவே இல்ல, பக்கத்துல இருக்குற தார் ரோட்டுக்கு மாறிட்டேன். பெரிய வண்டியெல்லாம் ஏ-231 அதிவேகச் சாலையில போயிடுறதால பி-980ல டிராஃபிக் கம்மிதான். சைக்கிள ஓவர்டேக் பண்ணும்போது 1.5 மீட்டர் விட்டுத்தான் போகணும்னு அங்க சட்டமே இருக்கு, எங்களத் தாண்டுன கார்க்காரங்க அத மதிச்சாங்க. ஊருக்கு வெளிய நம்மளும் ஹெல்மெட் போட்டே ஆகணும்.

இப்ப ஆத்தங்கரை. மே கடைசியில ரெண்டாவது தடவ போனப்ப இந்த வழியாத்தான் போனோம், இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு பக்கம் ஆறு, கரை நெடுக பாப்லர் மரம், அந்த சீசன்ல அதுல இருந்து இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையா பறந்து வந்து பாதையெல்லாம் மெத்தையா கெடக்கு, நம்ம வீலு போறப்ப அது எழும்பி எழும்பி உட்காருது. ஆத்துல தண்ணி கொஞ்சந்தான், சத்தம் மட்டும் கூடவே வருது. ஒரு மணி நேரத்துல நடக்குறவங்க நாலு பேர பாத்திருப்போம். கடைசியில விர்ஹென் தெல் ரியோன்னு ஆத்தோரமா ஒரு சின்ன கோயில், பூட்டியிருந்துச்சு, நிழல்ல உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் சாப்ட்டு அரை மணி நேரம் படுத்துட்டோம். அங்கிருந்து இடது பக்கம் திரும்பி சின்ன தார் ரோட்டப் புடிச்சா வில்யால்காசார்.

ஆனா ஒண்ணு, மழ பேஞ்ச மறுநாள் இந்த வழிய நெனச்சே பாக்காதீங்க. மொத தடவ வந்தப்ப அந்தத் தப்பத்தான் பண்ணோம், களிமண்ணு மட்கார்டுக்குள்ள அப்பிக்கிட்டு வீலு சுத்தவே மாட்டேங்குது, பத்தடிக்கு ஒரு தடவ குச்சி வச்சு நோண்டி எடுத்து, கடைசியில தள்ளிக்கிட்டே திரும்பி வந்தோம். 28 மில்லிமீட்டர் ரோடு டயர் வச்சிருக்கவங்களும் தார் ரோட்டுலயே போங்க. 40க்கு மேல டயர் இருந்து, தரையும் காஞ்சிருந்தா கண்ண மூடிக்கிட்டு ஆத்தங்கரை தான்.

சீக்கிரம் போயி பிரயோசனமும் இல்ல. நெறைய ஆல்பெர்கேல, அதாவது யாத்திரைக்காரங்க தங்குற விடுதியில, நடந்து வர்றவங்களுக்குத்தான் முன்னுரிமை, சைக்கிள்காரங்கள சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாங்க, அது நியாயந்தான். அதனால காலையில ஃப்ரோமிஸ்டாவுலயே சான் மார்தீன் கோயில நிதானமா பாருங்க, 11ஆம் நூற்றாண்டு, கூரை விளிம்புக்குக் கீழ மிருகம், மனுஷன்னு 300க்கு மேல குட்டிக் குட்டி கல் சிற்பம். ஊரோரமா கஸ்டீல்ய கால்வாயோட நாலு அடுக்கு மதகையும் விட்டுறாதீங்க. வில்யால்காசார்ல சாந்தா மரியா லா பிளாங்கா இன்னும் பிரமாண்டம், பத்தாவது அல்ஃபோன்ஸோ ராஜாவோட தம்பி ஃபெலிப்பே கல்லறை உள்ளதான் இருக்கு. மதியம் கோயிலெல்லாம் சாத்திடுவாங்க, நேரத்த பாத்துக்கங்க.

வில்யால்காசார்ல இருந்து கார்ரியோன் வரைக்கும் ஆறு கிலோமீட்டர், ரோட்டோரம்தான், அங்க நாங்க தார்லயே ஓட்டினோம். சாயங்காலம் கார்ரியோன்ல சாந்தியாகோ கோயில் வாசல்ல செதுக்கியிருக்குற, வேலை செய்யுற ஆளுங்களோட சிற்பத்தையெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்து சைக்கிள் செயின தொடச்சா, துணியில பாதி கிரீஸு, பாதி அந்த பாப்லர் பஞ்சு.