நார்த்தங்காய் ஜின்: மூன்று வருட அனுபவம்

ஊறல் என்றதும் போலீஸ் தரையில் கொட்டி அழிக்கிற சாராய ஊறல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என் ஜின்னுக்கு நான் எதையும் காய்ச்சுவதில்லை. வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம், ஆபத்தும்கூட. காரைக்கால் கடையில் வாங்கிய 42.8 சதவீத வோட்காவில் ஜூனிபர் காயை ஊறப்போட்டு வடிகட்டுகிறேன், அவ்வளவுதான். ஜூனிபர் மணம் முன்னே நின்றால்தான் அது ஜின்.

இது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அஞ்சறைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே நமக்குப் பெரிய சோதனை. முதல் ஜாடியில் ஏலக்காய் ஆறு, பட்டை, கிராம்பு, அதிமதுரம், போதாததற்கு வெட்டிவேர். ஒரு வாரம் ஊறியது. கும்பகோணத்திலிருந்து வந்த மைத்துனர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தான், இது சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்றார். புதுச்சேரிச் சரக்கை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது என்பதால், ருசி பார்க்க அவர்தான் இங்கே வர வேண்டும்.

இப்போதைய அளவு: 750 மி.லி.க்கு ஜூனிபர் இரண்டு மேசைக்கரண்டி, லேசாக நசுக்கிய கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஒன்றே ஒன்று. ஜூனிபரும் மல்லியும் ஒரு நாள் முழுக்க ஊறும். ஏலக்காயும் நார்த்தங்காய்த் தோலும் கடைசி இரவு மட்டும். சித்திரை வெயிலில் எல்லாம் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. பாதி நாளிலேயே ருசி பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

ஜூனிபர் குளிர்நாட்டுச் செடி, டெல்டாவில் கிடைக்காது. தபாலில்தான் வரவழைக்கிறேன். இரண்டாம் முறை வந்தது வற்றிய மிளகுபோல் இருந்தது, பணமும் திரும்பவில்லை. நல்ல காயை நசுக்கினால் விரலில் பிசின்போல் ஒட்ட வேண்டும், பைன் மர வாசனை எழ வேண்டும். பொடியாக உதிர்ந்தால் குப்பைக்குத்தான்.

எலுமிச்சைத் தோலைவிடக் கொல்லை நார்த்தையின் தோலே எனக்குப் பிடித்தது. அந்த மணத்தில் ஒரு முரட்டுத்தனம் உண்டு. ஜூனிபருக்கு அது ஈடுகொடுக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு சீவல் போதும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசப்புக்கு மருந்தே கிடையாது. அப்படி ஒரு முழுப் பாட்டிலைக் கொல்லையில் கொட்டியிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. எத்தனை முறை வடிகட்டினாலும் வைக்கோல் நிறம் போகாது. டானிக் வாட்டர் ஊற்றினால் சில சமயம் கலங்கும். ஆல்கஹால் நீர்த்ததும் காயின் எண்ணெய் பிரிவதால் வருவது அது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. மட்டமான வோட்காவின் எரிச்சலை எந்த வாசனையும் மறைப்பதில்லை. பணம் மிச்சமாகும் என்று யாரும் இதில் இறங்க வேண்டாம்.

போன மாத ஜாடியில் ஏலக்காயையும் விட்டுவிட்டேன். மைத்துனர் கேட்காமலே இரண்டாவது கிளாஸ் ஊற்றிக்கொண்டார். மரத்தில் இன்னும் ஏழு நார்த்தங்காய்கள் இருக்கின்றன. ஊறுகாய்க்கென்று அம்மா எண்ணி வைத்திருக்கிறார்.