நியோடிமியமா, பிரசியோடிமியமா: எந்த மாங்கனைட்டை எடுக்கலாம்?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டார். மாங்கனைட் என்றால் மாங்கனீஸும் ஆக்சிஜனும், கூடவே நியோடிமியம், பிரசியோடிமியம் போன்ற ஓர் அருமண் தனிமமும் சேர்ந்த ஆக்சைடு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும் மோனசைட் என்ற கனிம மணிகளுக்குள் இந்த இரண்டு தனிமமுமே இருக்கின்றன, அதனால் நம்மூர்க்காரருக்கு இது அந்நியமான பொருளே இல்லை.

இரண்டு மாங்கனைட்டிலும் பாதி மாங்கனீஸ் அயனிகளின் மின்னூட்டம் 3+, மீதிப் பாதிக்கு 4+. குளிர்ந்தால் இவை சதுரங்கக் கட்டம் போல மாறிமாறி அமர்கின்றன, அதுதான் மின்னூட்ட ஒழுங்கு. 3+ அயனியின் கூடுதல் எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டல், அதாவது எலக்ட்ரான் மேகம், எந்தத் திசையில் நீள்கிறது என்பதும் கூடவே வரிசைப்படும்.

சரி, வித்தியாசம் எங்கே? ஸ்ட்ரான்சியம் சேர்த்த நியோடிமியம் சேர்மம் சுமார் 255 கெல்வினில் காந்த உலோகமாகி, 158 பக்கம் வந்ததும் சட்டென்று மின்கடத்தாப் பொருளாகிறது. மின்தடை வரைபடத்தில் அந்தத் தாவலைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், திரவ நைட்ரஜன் இருந்தாலே போதும். 7 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் ஒழுங்கு உருகிவிடும்.

கால்சியம் சேர்த்த பிரசியோடிமியம் பிடிவாதக்காரன். கால்சியம் அயனி சிறியது என்பதால் மாங்கனீஸ்-ஆக்சிஜன்-மாங்கனீஸ் பிணைப்பு கூடுதலாக வளைந்து, எலக்ட்ரான் தாவுவது கடினமாகிறது. ஒழுங்கு 240 கெல்வின் அருகிலேயே வந்துவிடும், ஆனால் அதற்கு முன்பும் உலோகம் இல்லை என்பதால் வரைபடத்தில் சின்ன வளைவுதான் தெரியும். உருக்க 25 டெஸ்லாவுக்கு மேல் வேண்டும், அதற்கு எங்கே போவது?

முதல் புராஜெக்ட் என்றால் நியோடிமியத்தையே எடுங்கள் தம்பி. அப்புறம், இதைத் தயாரிக்க எடுக்கும் நியோடிமியம் ஆக்சைடு ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். சூடாக்கி உலர்த்திய உடனே எடை போடுங்கள்.