ரவென்னாவுக்குப் போனால் தூணில் இருக்கும் கைகளைப் பாருங்கள்

மகள் பொலோஞாவில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளைப் பார்க்க இத்தாலிக்குப் போயிருந்தபோது, ரோமாபுரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். எனக்கு முதலில் ரவென்னா போதும் என்று சொல்லிவிட்டேன். பொலோஞாவிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நாகர்கோவிலில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். ஆராதனையில் நாங்கள் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்தப் பிரமாணம் யாருக்கு எதிராக எழுதப்பட்டதோ, அந்தப் பக்கத்து மக்கள் கட்டிய ஞானஸ்நான மண்டபம் ஒன்று இன்னும் கூரையோடு நிற்கும் ஊர் இது. போகாமல் இருக்க முடியவில்லை.

முதலில் டிக்கெட் விஷயம், ஏனென்றால் இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ள ஐந்து இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட்: சான் விட்டாலே ஆலயம், கல்லா பிளாசிடியா கல்லறை, நியோன் ஞானஸ்நான மண்டபம், பேராயர் அருங்காட்சியகம், சான்ட் அப்போலினாரே நுவோவோ ஆலயம். இதை வாங்கிவிட்டால் ஊரையே பார்த்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் நான் பார்க்க வந்த 'பத்திஸ்தேரோ தெலி ஆரியானி', அதாவது மேலே சொன்ன அந்த ஞானஸ்நான மண்டபம், இதில் கிடையாது. அது இத்தாலிய அரசின் பொறுப்பில் இருக்கிறது. தனி டிக்கெட், விலை மிகக் குறைவு. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியிலேயே இருக்கிறது. மற்ற இடங்களின் வரிசையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், உள்ளே எங்களைத் தவிர நாலு பேர்தான்.

('ஆரியர் மண்டபம்' என்று எழுதினால் நம் ஊரில் வேறு பொருள் வந்துவிடும். அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ் என்பவரின் பெயரால் வந்த சொல் இது. அதனால் 'ஆரியுஸ்காரர்' என்றே எழுதுகிறேன்.)

மகள் இணையத்தில் ஒரு வழிகாட்டி நடைப்பயணத்துக்குப் பதிவு செய்திருந்தாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வழிகாட்டி நல்ல பெண்தான், ஆங்கிலமும் தெளிவாக இருந்தது. ஆனால் இந்த மண்டபத்தின் வாசலுக்கு வந்ததும், "இயேசுவை நம்பாதவர்கள் கட்டியது, உள்ளே சின்ன இடம்தான்" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் நடக்க வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. காசு போனால் போகட்டும் என்று கூட்டத்தை விட்டு நானும் மகளும் அங்கேயே நின்றுவிட்டோம்.

இயேசுவை நம்பாதவர்கள் ஏன் இயேசுவின் ஞானஸ்நானத்தைக் கூரை முழுக்கப் பொன்னில் இழைக்க வேண்டும்? ஆரியுஸ் குமாரனாகிய இயேசுவை மறுக்கவில்லை. எல்லா உலகங்களுக்கும் முன்னே குமாரன் இருந்தார், அவர் வழியாகவே எல்லாம் உண்டாயிற்று என்றுதான் அவரும் சொன்னார். அவர் தாண்ட மறுத்த கோடு ஒன்றே ஒன்று. பிதா ஒருவரே தொடக்கமில்லாதவர், குமாரனை அவர் உண்டாக்கினார், ஆகையால் 'குமாரன் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு' என்றார். கைவசம் வசனமும் வைத்திருந்தார். நீதிமொழிகள் 8:22இல் ஞானம் பேசுகிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் தமது வழியின் ஆதியாக என்னைக் 'கொண்டிருந்தார்' என்று இருக்கும். அவர்கள் வாசித்த கிரேக்க வேதாகமத்தில் அந்த இடத்தில் 'சிருஷ்டித்தார்' என்று இருந்தது. அந்த ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசித்துப் பாருங்கள். 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்ற யோவான் 14:28ஐ அவர்கள் நீட்டினால், 'நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்' என்ற யோவான் 10:30ஐ எதிர்ப்பக்கத்தார் நீட்டினார்கள். 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, வேதத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துப் பூட்டுப் போட்டார்கள். ஹோமோஊசியோஸ். நாம் 'பிதாவோடே ஒரே தன்மையையுடையவர்' என்று சொல்வது அதைத்தான்.

பூட்டு உடனே பூட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லுக்காக நின்ற ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 359இல் நானூறு ஆயர்களுக்கு மேல் கூடி, 'தன்மை' என்ற சொல்லே வேண்டாம், குமாரன் பிதாவுக்கு 'ஒப்பானவர்' என்றால் போதும் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் கூடிய இடம் ரிமினி. ரவென்னாவிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர்தான், இப்போது எல்லோரும் கடலில் குளிக்கப் போகும் ஊர். கோத் என்ற ஜெர்மானிய இன மக்கள் கிறிஸ்தவர்களானது இந்தக் காலத்தில், இந்த வகையான விசுவாசத்தில்தான். அவர்களுக்காக எழுத்தையே உருவாக்கி வேதாகமத்தை மொழிபெயர்த்த ஆயர் வுல்ஃபிலாவும் இந்தப் பக்கத்தவர். 381இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் ரோமப் பேரரசு நிசேயாவுக்குத் திரும்பிவிட்டது. கோத் மக்கள் முதலில் கற்றதை விடவில்லை. 493 முதல் 526 வரை ரவென்னாவிலிருந்து இத்தாலியை ஆண்ட தியோடோரிக் அவர்களுடைய அரசர். இந்த மண்டபம் அவர் காலத்தது.

சரி, உள்ளே போவோம். எண்கோணக் கட்டடம். ஊரின் தரை காலப்போக்கில் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டதால் குள்ளமாகத் தெரிகிறது. சுவரெல்லாம் வெறும் செங்கல். மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்த படம், மிஞ்சியிருப்பது கூரைக் குவிமாடத்தில் மட்டும். அண்ணாந்து பார்த்தால் இரண்டே நிமிடத்தில் கழுத்து வலிக்கும். நான் கைப்பையில் இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். குவிமாடம் முழுவதும் கையில் வந்து இறங்கிவிட்டது. போகிறவர்கள் இதைச் செய்யுங்கள்.

நடுவில் யோர்தான் தண்ணீரில் இடுப்பளவு நிற்கும் இளம் இயேசு. மீசை தாடி இல்லை, பதினேழு பதினெட்டு வயதுப் பையன் மாதிரி. தண்ணீர் அலை அலையாக அவர் உடம்பின் மேல் ஓடுகிறது, உள்ளே கால்கள் தெரிகின்றன. வலது பக்கம் தோலாடை போட்ட யோவான் ஸ்நானகன். இடது பக்கம் யோர்தான் நதியே ஒரு கிழவராக உட்கார்ந்திருக்கிறது, தலையில் சிவப்பாக இரண்டு நண்டுக் கொடுக்குகள். மேலே நேர் கீழாகப் பறந்து வரும் புறா, அதன் அலகிலிருந்து இயேசுவின் தலைமேல் கொட்டும் நீர். சுற்றிலும் பன்னிரண்டு வெள்ளையுடைக்காரர்கள், நடுநடுவே பேரீச்ச மரங்கள். பேதுரு கையில் திறவுகோல், பவுல் கையில் சுருள். எல்லோரும் நடந்து போவது ஒரு காலி சிம்மாசனத்தை நோக்கி. அதன் மேல் சிலுவை ஒன்று நிற்கிறது.

அங்கே நிற்கும்போது பல வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், அப்பா வந்த அப்புறம்தானே பிள்ளை வர முடியும்? அப்போ பிள்ளை இல்லாத ஒரு நாள் இருந்திருக்கும்லா?" அதிகப்பிரசங்கி என்று அதட்டி உட்கார வைத்தேன். அன்று அவன் கேட்டது ஆரியுஸின் கேள்வியேதான். நிசேயா அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 'சிருஷ்டிக்கப்படாமல் ஜெநிப்பிக்கப்பட்டவர்' என்பதே அந்தப் பதில். சூரியன் இருந்த நாளெல்லாம் வெளிச்சமும் இருந்தது, வெளிச்சம் சூரியனிலிருந்துதான் வருகிறது, ஆனால் சூரியனுக்குப் பிந்தியதல்ல. அத்தனாசியு இப்படித்தான் விளக்கினார். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். பிரமாணத்தை மனப்பாடம் செய்யச் சொன்ன எனக்கே அது எந்தக் கேள்விக்கான பதில் என்று அன்றைக்குத் தெரியாது.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் நியோன் ஞானஸ்நான மண்டபம். இது நிசேயா பக்கத்தாருடையது, ஆரியுஸ்காரர் மண்டபத்துக்கு முந்தியது. குவிமாட மொசைக் ஆயர் நியோன் காலத்தில், ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் செய்தது. நேரம் குறித்துக் கொஞ்சம் கொஞ்சம் பேராகத்தான் விடுகிறார்கள், அதனால் டிக்கெட் எடுக்கும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அழகில் இதுதான் ஒரு படி மேல், அதை மறைக்க மாட்டேன். நீலப் பின்னணி, பன்னிரண்டு பேருக்கும் பெயர் எழுதியிருக்கிறது, சுவர் முழுக்க வேலைப்பாடு, நடுவே பெரிய எண்கோணத் தொட்டி. ஆனால் அண்ணாந்து பார்த்தால் மேலே அதே காட்சி. அதே தண்ணீர், அதே யோவான், அதே புறா, கிழவராக யோர்தான், சுற்றிலும் நடக்கும் அப்போஸ்தலர்கள்.

இங்கே இயேசுவுக்குத் தாடி இருக்கிறது. "பாருங்கள், அங்கே பையனாகக் காட்டிக் குறைத்துவிட்டார்கள், இங்கே முழு ஆளாக இருக்கிறார்" என்று பக்கத்தில் ஒருவர் தன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கணம் நம்பிவிட்டேன். ஆனால் நியோன் மண்டபத்தின் அந்த நடுப்பகுதி 19ஆம் நூற்றாண்டில் பழுது பார்த்தபோது நிறைய மாற்றி வைத்தது. இயேசுவின் தலையும் அதில் சேர்த்தி. தாடியை வைத்து வேதசாஸ்திரம் சொல்ல முடியாது. தியோடோரிக் கட்டிய சான்ட் அப்போலினாரே ஆலயத்திலேயே இடது சுவரின் மேல்வரிசையில் தாடியில்லாத இயேசு அற்புதம் செய்கிறார், வலது சுவரில் தாடி வைத்த இயேசு பாடுபடுகிறார். ஒரே ஆலயம், ஒரே அரசர் காலம்.

அப்படியானால் அந்த மக்கள் தினமும் கேட்ட வித்தியாசம்தான் என்ன? காதில் விழுந்த வித்தியாசம் ஒன்று உண்டு. நாம் சங்கீதம் முடிந்ததும் 'பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக' என்று பாடுகிறோம். ஆரியுஸ் பக்கம் சாய்ந்தவர்கள் 'குமாரன் மூலமாக, பரிசுத்த ஆவியில், பிதாவுக்கு மகிமை' என்று பாடுவதை விரும்பினார்கள். தமிழில் பார்த்தால் மூன்று 'உம்'தான் சண்டை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் லெயோந்தியு என்று ஓர் ஆயர். சபையில் பாதிப்பேர் இப்படியும் பாதிப்பேர் அப்படியும் பாடுவார்கள். அவர் அந்த இடம் வந்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, கடைசியில் வரும் 'சதாகாலங்களிலும்' என்பதை மட்டும் கேட்கும்படி சொல்வாராம். இதைப் படித்த நாளிலிருந்து நான் அந்த மூன்று 'உம்'மையும் அழுத்திப் பாடுகிறேன்.

மதியம் பியாதினா சாப்பிட்டோம், நம் சப்பாத்தியைவிடக் கொஞ்சம் தடிமன், உள்ளே வெண்ணெய் மாதிரி இளகிய சீஸ். நன்றாக இருந்தது. அப்புறம் சான்ட் அப்போலினாரே நுவோவோ. இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தியோடோரிக்கை நான் உயர்த்திப் பேச வரவில்லை. யாரையும் விருப்பத்துக்கு மாறாக விசுவாசிக்க வைக்க முடியாது என்று அவர் பெயரில் போன கடிதம் ஒன்று இருக்கிறது. அதே அரசர் கடைசிக் காலத்தில் அறிஞர் போயெத்தியுவைக் கொன்றார். பாப்பரசர் முதலாம் யோவானைச் சிறையில் போட்டார், அவர் 526இல் அங்கேயே இறந்தார். ஆனால் தியோடோரிக் ஆண்ட முப்பது சொச்சம் வருடமும் இரண்டு சபைகளும் இந்தச் சின்ன ஊரில் தனித்தனித் தொட்டிகளில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தன. 540இல் பேரரசர் ஜஸ்டினியனின் படை ஊரைப் பிடித்தது. 561 வாக்கில் ஆரியுஸ்காரரின் ஆலயங்கள் எல்லாம் நிசேயா சபையின் கைக்கு வந்தன. அவர்களுடைய பேராலயம் அந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் இன்றைய பெயர் பரிசுத்த ஆவி ஆலயம். தியோடோரிக்கின் அரண்மனை ஆலயமாக இருந்த இந்த சான்ட் அப்போலினாரேயைப் புனித மார்ட்டினுக்கு அர்ப்பணித்தார்கள். கீழ்வரிசை மொசைக்கில் இருந்த அரசவை ஊர்வலத்தைப் பெயர்த்துவிட்டு, புனிதர்களின் ஊர்வலத்தை வைத்தார்கள்.

மேல்வரிசையைத் தொடவில்லை. இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள், பக்கத்துக்குப் பதின்மூன்றாக இருபத்தாறு. தப்பான உபதேசம் என்று ஊரிலிருந்தே நீக்கியவர்கள் வரைந்து வைத்த இயேசுவைப் பார்த்து, இவர் நம் இயேசு இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேலாக நிசேயா விசுவாசிகள் அந்தப் படங்களுக்குக் கீழேதான் முழங்கால் படியிடுகிறார்கள். நானும் படியிட்டேன். 'பிதாவோடே ஒரே தன்மையையுடையவர்' என்பதை முழு மனதோடு சொன்னேன், இன்றும் அதுதான் என் விசுவாசம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பையன் இப்போது துபாயில் வேலை பார்க்கிறான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவனுக்கு வாட்ஸப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன்.

கைகளைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராகப் பீடத்தைப் பார்த்து நடந்துவிடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். வலது சுவரில், வாசலுக்குப் பக்கத்திலேயே, தியோடோரிக்கின் அரண்மனை இருக்கிறது. மேலே 'பலாத்தியும்' (அரண்மனை) என்று இலத்தீனில் எழுதியிருக்கும். வளைவுகளுக்கு நடுவே வெள்ளைத் திரைகள் முடிச்சுப் போட்டுத் தொங்குகின்றன. அந்தத் திரைகள் இருக்கும் இடத்தில் முன்பு ஆட்கள் நின்றார்கள். ஆட்களைப் பெயர்த்து எடுத்துத் திரையாக்கினார்கள், ஆனால் தூணுக்கு முன்னே நீண்டிருந்த கைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். வெள்ளைத் தூணில், முழங்கையிலிருந்து விரல் வரை, தோல் நிறக் கண்ணாடிச் சில்லுகள். கொஞ்ச நேரம் கண் பழக வேண்டும், முதல் கையைக் கண்டுவிட்டால் அடுத்தது தானாகத் தெரியும்.