கல்முனைக் கரையில் பேரிங் உருக்கு: நீண்ட காலப் பாவனையில் கண்டவை

கல்முனைப் பக்கம் அரிசி ஆலைகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் திருத்த வேலை செய்பவன் நான். என் கையில் அதிகம் புழங்குவது பேரிங் உருக்குதான், அதாவது பேரிங்கின் வளையத்தையும் குண்டையும் செய்யும் உருக்கு. ஏறத்தாழ 1 சதவீதம் கரி, 1.5 சதவீதம் குரோமியம். அமெரிக்கத் தரப்பட்டியலில் 52100, ஜப்பானில் எஸ்.யூ.ஜே. 2, சீனாவில் ஜி.சி.ஆர். 15 என்றிருந்தாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே.

பாரம் தாங்குவதில் இந்த விலைக்கு இதை மிஞ்சிய உருக்கை நான் காணவில்லை. காய்ச்சி எண்ணெயில் தோய்த்த வளையத்தின் கடினம் ராக்வெல் சி அளவில் 60ஐத் தாண்டும். அரம் வைத்தால் அரம்தான் வழுக்கும். கடினத்தைத் தருவது கரி. அந்தக் கடினம் வளையத்தின் உள்வரை இறங்கத் துணை நிற்பது குரோமியம். பெரும்போக அறுவடைக்குப் பின் ஆலைகள் இரவு பகலாக ஓடும்போது, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரில் ஒழுங்காகக் கிறீஸ் கண்ட பேரிங் சத்தம் மாறாமல் சுழல்வதைக் கேட்டாலே மனம் நிறையும்.

குரோமியம் இருப்பதால் துரு ஏறாது என்று நம்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர். துருப்பிடிக்காத உருக்குக்கு அது 10.5 சதவீதமாவது வேண்டும். சேற்று உழவு முடிந்ததும் இயந்திரத்தைக் கழுவி அப்படியே கொட்டிலில் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தச் சில்லின் பேரிங்கைக் கழற்றி, வளையத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: குண்டுகள் உருளும் ஓடுபாதையில் பழுப்புப் புள்ளிகள் சம இடைவெளியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குண்டும் அசையாமல் நின்ற இடத்தில் ஒன்று. கிறீசுக்குள் இறங்கிய நீர் அங்கேதான் தங்கியிருக்கிறது. அடுத்த போகத்தில் வேலைக்கு இறக்கினால் அந்தப் புள்ளியிலிருந்தே செதில் பெயரத் தொடங்கும். நான் கழற்றியவற்றில் பாரத்தால் போனவை குறைவு; நீரால் போனவைதான் அதிகம்.

சூடும் இதற்கு ஆகாது. எண்ணெயில் தோய்த்த பிறகு, பொதுவாக 150 முதல் 180 பாகை செல்சியசில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்திய உருக்கு இது; அதைத் தாண்டிச் சூடேறினால் கடினம் குறையும். புது பேரிங்கை ஷாப்டில் ஏற்றுவதற்காகத் தீச்சுவாலையை நேரே பிடிப்பவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது. வைக்கோல் மஞ்சள், பிறகு நீலம் என்று நிறம் மாறிவிட்டால் கடினமும் இறங்கிவிட்டது, அந்த பேரிங்கை ஒதுக்கிவிடலாம். ரப்பர் மூடி இல்லாததை எண்ணெய்க்குள் வைத்து 100 பாகை அளவில் சூடாக்கினாலே உள்வளையம் விரிந்து இலகுவாக ஏறும். வெல்டிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வெடித்துவிடும்.

கழித்த வளையங்களைக் கொல்லரிடம் கொடுக்கிறேன். கத்தி அருமையாக வருகிறது, கூர் நெடுநாள் நிற்கிறது. சம்மட்டி அடி வாங்கும் உளிக்கு மட்டும் இது வேண்டாம், முனை தெறிக்கும்.

வாவித் தோணிக்கும் மீன் வாடிக்கும் பேரிங் கேட்பவர்களுக்கு, இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதையே கொடுக்கிறேன். உழவு இயந்திரக்காரர்கள், கிறீஸ் அடிக்க வழியுள்ள பேரிங்காக இருந்தால், கொட்டிலில் விடுமுன் பழைய கிறீஸ் வெளியே வரும்வரை புதியதை அடித்துச் சில்லைச் சுழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு தரமாவது கையால் சுழற்றுங்கள்.