படகில் பாரம் ஏற்ற: ஆளா, மணலா, ஈயமா, தண்ணீரா?

படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்த அளவுக்குத்தான் பின்னால் அலை எழும். படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று, அந்த அலையில் எழும்பித் தாவுவதுதான் வேக்போர்டு. வேக்போர்டுக்காரர்கள் படகில் பாரம் ஏற்றுவது இதற்காகத்தான். நாங்கள் நாலு பேர் கூட்டாக வாங்கிய படகு 18 அடி, அவுட்போர்டு எஞ்சின், செகண்ட் ஹேண்ட். மும்பைக்கு எதிர்க்கரையில் மாண்ட்வா பக்கம், காற்று கிளம்பும் முன், காலை ஏழு மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் கணுக்கால் உயரத்துக்கு ஒரு சுருக்கம் விழும், அவ்வளவுதான். மாலிபு, மாஸ்டர்கிராஃப்ட் மாதிரி படகுகளில் பாரத்துக்கான தண்ணீர்த் தொட்டி கம்பெனியிலேயே பொருத்தி வரும். அதெல்லாம் நமக்குப் படம் பார்ப்பதோடு சரி.

முதலில் கணக்கு. எங்கள் படகின் தகட்டில் ஆட்களும் சாமானும் சேர்த்து 600 கிலோ என்று போட்டிருக்கிறது. ஓட்டுபவர், பின்னால் பார்த்துக்கொண்டிருப்பவர், பலகையில் போகிறவர் மூவருக்கும் 225 கிலோ. பலகையில் போகிறவர் எப்படியும் படகில் ஏறித்தானே ஆக வேண்டும்? நங்கூரம், கயிறு, பெட்ரோல் கேன், லைஃப் ஜாக்கெட் எல்லாம் 50. மிச்சம் 325. இதற்கு மேல் ஒரு கிலோ கூடக் கிடையாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

செலவில்லாத பாரம் ஆட்கள்தான். செம்பூரிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டால் 280 கிலோ தானே நடந்து வந்து ஏறும். ஆனால் அந்த பாரம் சொன்ன இடத்தில் உட்காராது. நண்பர் அலையில் எழும்பும் நேரம் பார்த்து எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஒரே பக்கம் சாய்வார்கள்; அந்தப் பக்கத்து அலை தடிக்கும், மறுபக்கத்து அலை நுரைத்துக் கலையும். போதாததற்கு வடாபாவ் செலவு.

மணலுக்கு தாராவியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனோம். "என்ன தம்பி, படகுல வீடு கட்டப் போறீயளா?" என்றார். தூத்துக்குடித் தோணிகள் சரக்கில்லாமல் போகும்போது மணல் ஏற்றுவார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அந்த தைரியம்தான். மலிவு. காய்ந்த மணல் லிட்டருக்கு 1.6 கிலோ வரும், அதனால் தண்ணீரை விடக் குறைந்த இடத்தில் அடங்கும். ஏழு மூட்டை, ஒவ்வொன்றும் 40 கிலோ, எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினோம். அலை எழும்பியது, மறுக்கவில்லை. நண்பர் விழுந்ததும் நான் சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். எங்கள் அலையே துரத்திக்கொண்டு வந்து, ஏற்கெனவே தாழ்ந்திருந்த பின்பக்கத்தில் ஏறி உள்ளே கொட்டியது. ஒரு மூட்டையின் தையல் விட்டு மணல் அடித்தளத்துக்குப் போய், தண்ணீர் இறைக்கும் பம்ப் அடைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் மக்கால் இறைத்தோம். மணலும் தண்ணீரும் கலந்த அந்தக் குழம்பு மக்கில் ஏறவே ஏறாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து போட்ட கணக்குதான் எனக்கு இந்த ஒப்பீட்டையே தீர்த்து வைத்தது. படகு முழுக்க நிறைந்து மூழ்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ மணல் கடலுக்குள் சுமார் 25 கிலோவாக இழுக்கும். 40 கிலோ ஈயம் 36 கிலோவாக இழுக்கும். கடல் தண்ணீரையே நிரப்பிய பை? பூஜ்யம். தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது எடை. சிறு படகின் தரைக்கடியில் மிதப்பதற்காக அடைத்திருக்கும் ஃபோம், படகையும் எஞ்சினையும் தாங்குவதற்காக வைத்தது. நாம் கொண்டுவந்து போட்ட ஈயம் அதன் கணக்கில் இல்லை.

அதற்காக ஈயத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. லிட்டருக்கு 11 கிலோவுக்கு மேல். இருக்கைக்கு அடியில் செங்கல் அளவு இடத்தில் 20 கிலோ உட்கார்ந்துவிடும். பெரிய படகில், பைகள் போதாத மூலைக்குக் கொஞ்சம் போடலாம். குர்லா பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் கட்டியை அப்படியே போடாதீர்கள், அது நச்சு. நன்றாக மூடித் தைத்த பையில் இருக்க வேண்டும், நகராமல் கட்டவும் வேண்டும். எங்கள் அளவுப் படகுக்கு வேண்டாம்.

20 லிட்டர் தண்ணீர் கேன்களையும் ஒரு நாள் முயன்றோம். உருண்டன. அப்புறம் தொடவில்லை.

கடைசியில் தடித்த பிவிசி பைகள், நூறு நூறு லிட்டராக மூன்று. கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால் மொத்தம் 307 கிலோ, கணக்குக்குள் வந்துவிட்டது. கரையில் ஏற்றும்போது சுருட்டி வைத்த பாய் மாதிரி லேசு. 12 வோல்ட் பம்ப், மணிக்கு 3,000 லிட்டர் என்று எழுதியிருக்கும். அப்படியானால் ஒரு பைக்கு இரண்டே நிமிடம். நம் கடலின் சேற்றுக்கும் ஹோஸ் ஏறும் உயரத்துக்கும் சேர்த்து நாலு நிமிடம் ஆகிறது. எஞ்சினை ஓடவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும்.

பை பாதி நிரம்பியிருந்தால் மட்டும் ஆபத்து. ஒரு முறை அவசரத்தில் அப்படிக் கிளம்பினோம். திருப்பத்தில் தண்ணீர் ஓர் ஓரத்துக்கு ஓடியது, படகு சாய்ந்தது, சாய்ந்ததால் இன்னும் ஓடியது. காற்றைப் பிதுக்கி எடுத்து, பை வயிறு புடைக்கும் வரை நிரப்பிவிட்டால் இந்த வம்பு இல்லை.

பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று வைத்திருக்கிறோம். மூன்றும் பின்னால் என்றால் அலை செங்குத்தாக இருக்கும், ஆனால் மூக்கு வானம் பார்க்கும், மணல் நாள் கதை திரும்பும். முன்னால் பாரம் கூடினால் அலை நீளமாக, சாய்வாக வரும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது நல்லது. ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவதால் பின் பைகளைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருக்கிறோம். இப்போது அலை முழங்கால் வரை வருகிறது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

பையில் ஒரே தொல்லை, உள்ளே கடல் தண்ணீர் தங்கினால் நாறும். ஒவ்வொரு முறையும் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, எங்கள் பில்டிங் மொட்டை மாடியில் காயப்போடுகிறேன். மூன்றாம் மாடி மாமி வடாம் பிழிய ஏறி வந்து, கறுப்பாக நீண்டு கிடந்த மூன்றையும் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.