ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி: 1,200 ரூபாய்க்குத் தகுமா?

கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஆளுக்கு 1,200 ரூபாய், காலை 9 முதல் மாலை 5 வரை, மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். குறைகளும் சொல்லப் போவதால் நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை. சுருக்கமாகக் கேட்டால், காலையில் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது, மதியத்துக்கு மேல் கொடுத்த காசு மொத்தமும் வசூலாகிவிட்டது.

காலை முழுக்க ஸ்லைடு. நிறுவனத் தலைவர் யார் யாரிடம் விருது வாங்கினார் என்பதற்கே ஏழெட்டுப் படம், அப்புறம் இதயத்தின் நான்கு அறைகள், ரத்தக்குழாய்களின் பெயர்கள், எல்லாம் ஆங்கிலத்தில். வந்திருந்தவர்களைப் பார்த்தாவது மாற்றியிருக்கலாம். கணபதியில் இருக்கும் ஒரு லேத் பட்டறையிலிருந்து இரண்டு பையன்கள், ஓர் அங்கன்வாடி டீச்சர், ஒரு தனியார் பஸ் கண்டக்டர், அபார்ட்மென்ட் சங்கத்து ஆட்கள் என்று முப்பது பேருக்கு மேல். இதில் யாருக்கு இதயத்தின் படம் வேண்டும்? விழுந்து கிடப்பவர் மேல் கையை எங்கே வைப்பது என்றுதான் தெரிய வேண்டும்.

மதியம் வந்த பயிற்சியாளர் 108 ஆம்புலன்ஸில் பல வருடம் இருந்தவர். வந்ததும் புரொஜெக்டரை அணைத்தார், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கான பொம்மைகளைத் தரையில் போட்டார், எல்லோரையும் முட்டி போடச் சொன்னார். அங்கிருந்துதான் வகுப்பே ஆரம்பம் என்று சொல்வேன்.

அந்தப் பொம்மைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, இன்னொரு கையை மேலே கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்தினால், 5 சென்டிமீட்டர் இறங்கியதும் 'டிக்' என்று சத்தம் வரும். முதலில் யாருக்கும் வரவில்லை. எல்லோரும் ஏதோ காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அழுத்திக்கொண்டிருந்தோம். "இன்னும் அழுத்துங்க, பொம்மைக்கு வலிக்காதுங்க" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். முப்பது வரை எண்ணச் சொல்லாமல் ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணச் சொன்னார், 'இருபத்தேழு இருபத்தெட்டு' என்று வாய் இழுக்க ஆரம்பித்தால் கையும் கூடவே மெதுவாகிவிடுமாம். செய்து பார்த்தபோது அது அப்படியே உண்மை. லேத் பையன்கள் கை பலத்தில் செய்து சீக்கிரமே களைத்துவிட்டார்கள். ஒல்லியான அங்கன்வாடி டீச்சர் தோளை நேராக மேலே கொண்டுவந்து உடம்பு எடையை இறக்கி, 'டிக் டிக்' என்று நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது ஏன் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம், இதயம் நின்ற ஆளுக்குச் சில நேரம் இழுத்து இழுத்து ஒரு மூச்சு வரும், அதை மூச்சு என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பது. தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பேச்சில்லை, மூச்சு இல்லை அல்லது இப்படி இழுக்கிறது என்றால், 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் வாயில் வாய் வைத்து ஊதத் தயங்கி நேரத்தைக் கடத்த வேண்டாம், நெஞ்சை அழுத்தினாலே போதும். ஆனால் குழந்தைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சு கொடுப்பது முக்கியம். மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தூக்கித் தலைகீழாகச் சுற்றுவதும் கூடவே கூடாது. நம் ஊர்ப் பக்கம் வாய்க்காலிலும் கிணற்றிலும் முதலில் நடப்பது அதுதானே.

பயிற்சியாளரையும் மிஞ்சியவர் அந்தக் கண்டக்டர். கண்டக்டர் லைசென்ஸ் வாங்கவே முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பெரும்பாலும் அது ஒரு காகிதமாகவே போய்விடுகிறது, இவருக்கு அப்படிப் போகவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஓடும் பஸ்ஸில் ஒரு கைக்குழந்தைக்கு முறுக்குத் துண்டு தொண்டையில் சிக்கி, அழுகைகூட வராமல் முகம் நிறம் மாறிவிட்டதாம். ஒருவர் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறார், இன்னொருவர் வாய்க்குள் விரலை விடப் போகிறார். இவர் குழந்தையை வாங்கி முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தட்டியிருக்கிறார். "நான் தட்டறதப் பாத்துட்டு அந்தப் புள்ளயோட அம்மா என்னை அடிக்க வந்துட்டாங்க. மூணாவது தட்டுல முறுக்கு வெளிய வந்து விழுந்துச்சு" என்றார். ஐந்து தட்டிலும் வரவில்லை என்றால் குழந்தையை மல்லாக்கத் திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து, மறுபடி தட்டு. ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றில் அழுத்தக் கூடாது. பெரியவர்களுக்கு முதுகில் ஐந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் ஐந்து.

லேத் பையன்கள் கேட்ட கேள்வி ஒன்றேதான், விரல் துண்டானால் என்ன செய்வது. காயத்தை அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்கி வைக்க வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும், ஒட்ட வைக்க முடியாமல் போகும். பட்டறைகள் நிறைந்த ஊரில் இதற்கென்று தனியாக ஒரு மணி நேரமே ஒதுக்கலாம்.

தீக்காயத்துக்கு பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டினால் போதும். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. இதெல்லாம் வேகமாகப் போனது, தெரிந்தவர்களுக்குச் சரி, புதியவர்களுக்குப் போதாது.

"அப்புறம் போலீஸ், கேஸ்னு இழுப்பாங்களே" என்று சங்கத்து ஆள் ஒருவர் கேட்டார். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுகிறவர் மேல் வழக்கு வராது, பெயர் முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அப்படியே. இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குத் தயக்கம் போயிருக்கும்.

இனி குறைகள். முப்பது பேருக்கு இரண்டே பொம்மை, ஆளுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். குழந்தைப் பொம்மை இல்லாமல் சுருட்டிய துண்டை வைத்துச் சமாளித்தார்கள். துடிப்பு தாறுமாறாகிச் செயலிழந்த இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியைப் படத்தில் மட்டும் காட்டினார்கள். கடைசியில் 900 ரூபாய்க்கு முதலுதவிப் பெட்டி விற்பனை வேறு. திறந்து பார்த்தால் பிளாஸ்திரி ஏராளம், கையுறை ஒரு ஜோடிகூட இல்லை. அதிலிருந்த கத்திரியைக் கண்டக்டர் தன் பழைய பேன்ட் துணியில் வைத்து வெட்டிப் பார்த்தார், துணி மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. மெடிக்கல் ஷாப்பில் காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், கையுறை, நல்ல கத்திரி என்று தனித்தனியாக வாங்கிக்கொள்வது மேல்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் மூன்று அந்தப் பயிற்சியாளருக்கு. இவர்களிடம் போனாலும் வேறு யாரிடம் போனாலும் பணம் கட்டும் முன் எத்தனை பேர், எத்தனை பொம்மை, குழந்தைப் பொம்மை உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு பொம்மையாவது இல்லை என்றால் அடுத்த பேட்சுக்குக் காத்திருக்கலாம். சான்றிதழ் வாட்ஸப்பில் வந்தது, என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்திக் கேட்டிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.