எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: 2 வருடம் படித்து முடித்தபின் ஒரு விமர்சனம்

வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போய் லாரித் தண்ணீருக்கு நிற்பார், கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும்தான். தண்ணீர் என்றாலே இப்படித்தான் போல என்று பத்து வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்தபோது எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்ந்ததற்கு அந்தக் கிணறுதான் காரணம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி, 2 வருடம், 4 செமஸ்டர். பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் குறைகளையும் எழுதப்போகிறேன். அதோடு மற்றக் கல்லூரிகளில் படித்த நண்பர்களிடம் விசாரித்த அளவில் நிலைமை பெரும்பாலும் இதேதான்.

"சஸ்டெய்னபிலிட்டி (நீடித்த வளர்ச்சி) படிக்கலாமா, வேலை கிடைக்குமா" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். படிக்கலாம். ஆனால் ஆய்வகமும் களப்பணியும் நிஜமாக நடக்கிற இடத்தில் மட்டும் சேருங்கள், அது இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

முதல் செமஸ்டர் சுமார்தான். எந்த டிகிரி படித்தாலும் இளங்கலையில் ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) என்று ஒரு தாள் எழுதியிருப்போம் இல்லையா, அதையே கொஞ்சம் தடிமனாக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஐ.நா. குழுவின் 1987 பிரண்ட்லாண்ட் அறிக்கையில் நீடித்த வளர்ச்சிக்கு என்ன இலக்கணம், 2015-ல் ஐ.நா. வைத்த 17 இலக்குகள் எவை, ஓசோன், அமில மழை. தேர்வுக்கு முந்தைய வாரம் படித்தாலே போதும். இதை வைத்து முடிவு செய்து முதல் செமஸ்டரோடு விலகிப்போன இரண்டு பேர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள், அவர்கள் இன்னும் மூன்று மாதம் பொறுத்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஏனென்றால் இரண்டாவது செமஸ்டரில்தான் நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகம் வந்தது, இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அளக்க வின்க்ளர் முறை என்று ஒன்று உண்டு. 300 மில்லி பாட்டிலில் காற்றுக்குமிழி புகாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் ஆல்கலி அயோடைடையும் விட்டுக் குலுக்கினால், ஆக்ஸிஜன் இருக்கிற தண்ணீரில் பழுப்பு நிறத்தில் ஒரு வீழ்படிவு இறங்கும். ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்தப் பழுப்பு வெளிறிக்கொண்டே போகும். புத்தகத்தில் இதை நான்கு வரியில் தாண்டிப்போயிருந்தேன். சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே கூவத்தில் எடுத்த தண்ணீரை நானே குலுக்கி வைத்தபோது வெள்ளையாகத்தான் இறங்கியது. சுத்த வெள்ளை. பழுப்பு துளிகூட இல்லை. மேடம் பக்கத்தில் வந்து நின்று, "ஆக்ஸிஜன் இல்லைம்மா, இதில் மீன் எப்படி இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கூவம் நாறும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒரு ஆறு மூச்சில்லாமல் கிடப்பதைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் பிஓடி, அதாவது உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை. அதே தண்ணீரை நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் இன்குபேட்டரில் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்றிருக்கின்றன என்று பார்ப்பது. வெளிநாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரி, 5 நாள் என்று இருக்கும், நம் ஊர் வெப்பத்துக்கு நம் விதிமுறை வேறு. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அந்த 30 என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனை பாட்டில், எத்தனை நாள், எவ்வளவு கவனம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த அறிக்கையைப் படித்தாலும் வேறு மாதிரிதான் படிப்போம். ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு மாதமும் அச்சுப்பிசகாமல் 28, 29, 28 என்று போட்டிருக்கும் அறிக்கையைப் பார்த்தால், நிஜமாகவே அளந்தார்களா என்று இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இங்கேதான் என் பெரிய மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். சிஓடி என்று, கழிவை வேதிப்பொருளால் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று பார்க்கும் சோதனையில் டைக்ரோமேட், வெள்ளி சல்பேட், பாதரச சல்பேட் எல்லாம் வரும். சோதனை முடிந்ததும் அந்தக் கழிவைத் தனி கேனில் சேர்த்து, அபாயகரக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அது நேராகக் கழுவும் தொட்டியில் போனது. கேட்டோம், எழுதிக் கொடுத்தோம், "பார்க்கலாம்" என்றார்கள், நாங்கள் வெளியே வரும்வரை பார்க்கவில்லை. கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் பங்குக் கழிவை மட்டும் பிளாஸ்டிக் கேன்களில் அடைத்துத் தேதி எழுதி அலமாரிக்கு அடியில் வைத்தோம். பாதரசம் மண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்று காலையில் பாடம் எடுக்கிற துறை, மதியம் அதையே சாக்கடையில் விடுவது மன்னிக்கக்கூடியதே இல்லை. சேரும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள், கேட்கச் சங்கடப்படாதீர்கள்.

சட்டத் தாளைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2010-ல் வந்த பசுமைத் தீர்ப்பாயம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பில், ஒரு நாள் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது, ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டஈட்டைக் கணக்கிடத் தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு என்று அதோடு நிறைய. எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களோடு ஒரு நஷ்டஈட்டுக் காகிதம் கிடந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அது எதற்கு என்று கேட்டதே இல்லை. 180 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து அதற்கு விளக்கம் கிடைத்தது. அந்த வாரம் ஊருக்குப் போய்த் தாத்தாவை உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டேன்.

ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கிற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் இதே தாளில்தான். 2006 அறிவிக்கையின்படி எந்தத் திட்டம் டெல்லிக்குப் போகும், எது மாநிலத்திலேயே முடியும், பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு எத்தனை நாள் முன்பு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடப் பகுதி. பயன்பட்டது எதுவென்றால், ஒரு முழு அறிக்கையைக் கையில் கொடுத்து "ஓட்டை கண்டுபிடி" என்று சொன்னதுதான். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது விதி, அந்தத் தமிழைப் படித்துப் பாருங்கள், எந்த ஊர்க்காரருக்குப் புரியும் என்று எழுதினார்களோ தெரியவில்லை. நாங்கள் அதை நான்கு பக்கம் புரிகிற தமிழில் திருப்பி எழுதினோம். மொத்தப் படிப்பிலும் நான் செய்ததில் உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

களப்பயணம் பள்ளிக்கரணைக்கு இரண்டு முறை. 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த சதுப்புநிலம் அது. ஒரு பக்கம் பூநாரையும் நாமக்கோழியும், நடுவே ரேடியல் சாலை, இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. காலை ஆறு மணிக்குப் போனால்தான் பறவை, எட்டு மணிக்கு மேல் வெறும் ஹாரன் சத்தம். பார்த்துவிட்டு வந்து க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தையும் புது சென்டினல் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று வரைந்தோம். மென்பொருளும் படங்களும் இலவசம். இதைக் கல்லூரியில்தான் கற்க வேண்டும் என்றில்லை, ஆனால் வாரம் ஒரு முறை கேள்வி கேட்க ஆள் இருப்பது பெரிய வசதி.

கார்பன் கணக்கு, ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பையாவது வரை உள்ள பாதிப்பைப் பார்க்கும் ஆயுட்சுழற்சி மதிப்பீடு, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 தரம் எல்லாம் மூன்றாவது செமஸ்டரில் வேகமாக ஓடிப்போயின. இன்றைக்கு வேலை வாங்கித் தருவது இதுதான், ஆனால் எங்களுக்குப் பவர்பாயின்ட்டிலேயே முடித்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் நிஜ மின்கட்டண ரசீதையும் டீசல் ரசீதையும் வைத்து ஒரு தடவை கணக்குப் போட வைத்திருந்தால் போதும். அதுவும் நடக்கவில்லை.

ப்ராஜெக்ட்டுக்கு ஊருக்கே திரும்பிப் போனேன். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, ஆற்றோரம் என்று 22 கிணறுகள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைத்தான் தேடிப்போனேன், ஆனால் என் கிணறுகளில் மேலே நின்றது உப்பு. தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் கொண்டுவருவார்கள், ஆலையில் முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது, அத்தனை உப்பும் அந்தத் தண்ணீரோடு வெளியே வரும். குடிநீருக்கு டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்கள் வீட்டுக் கிணறு 3100 காட்டியது. பருப்பு வேகாததற்குக் காரணமான கடினத்தன்மையையும் அன்றைக்கே தனியாக அளந்து அம்மாவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க 2 வருடமா" என்று கேட்டார், ஆனால் அந்தத் தாளை மடித்து வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை வெளியே விடாமல் வற்றவைக்கிறார்கள், சரி, ஆனால் கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு நல்ல பதில் இன்னும் இல்லை. யாராவது முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடினால் தயவுசெய்து இதை எடுங்கள்.

வேலை விஷயம். எங்கள் வகுப்பில் முடித்தது 14 பேர். கல்லூரி வழியாக வேலை கிடைத்தவர்கள் 3 பேர்தான். சேர்க்கையின்போது காட்டிய துண்டுப்பிரசுரத்தில் வேறு மாதிரி இருந்தது, அது சரியில்லை. மற்றவர்கள் தாங்களே தேடிக்கொண்டோம்: சோதனைக்கூடங்கள், தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இருவர். ஆரம்பச் சம்பளம் எங்களில் பெரும்பாலோருக்கு 18 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரத்துக்குள். பங்குச்சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை கொடுப்பதைப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியிருப்பதால் அந்தப் பக்கம் ஆள் தேடுகிறார்கள், சம்பளமும் கூட. ஆனால் எக்செல் சரளமாக வர வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வர வேண்டும். வகுப்பில் இரண்டையும் யாரும் சொல்லித்தரவில்லை.

கட்டணம் செமஸ்டருக்கு 30 ஆயிரம் சொச்சம், களப்பயணமும் ரசாயனமும் தனி. அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ இடம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே போங்கள், பாதிகூட ஆகாது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் என் கல்லூரிக்கு மூன்று, இந்தப் படிப்புக்கு நாலரை. சேரும் முன் ஒரு வேலைநாளில், சொல்லாமல் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிஓடி இன்குபேட்டர் ஓடுகிறதா, உள்ளே பாட்டில்கள் இருக்கின்றனவா, அந்தப் பாட்டில்களில் ஒட்டியிருக்கிற தேதி இந்த வாரத்துத் தேதியா என்று பாருங்கள்.